காய்ச்சலின் கூலி: தோட்டத்துச் செக்ரோலும் வகுப்பறைப் பதிவேடும்



ஆரம்பப் பள்ளி ஆசிரியன் ஒவ்வொரு காலையிலும் முதலில் பார்ப்பது மாணவரின் வருகையைத்தான். இப்போது வருகைப் பதிவு கணினிக்குப் போய்விட்டது. ஆயினும், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பழகிய வழக்கத்தை விட முடியாமல், வராதவர் பெயரையும் காரணத்தையும் ஒரு குறிப்பேட்டில் இன்றும் எழுதி வருகிறேன். அந்தக் குறிப்பேட்டின் ஒரு பக்கம்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தொடர்ந்து எட்டுப் பள்ளி நாள்கள் வரவில்லை. அவனுக்கு நோய் எதுவுமில்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அவன் தந்தை ஈப்போவில் நடந்த உறவினர் திருமணத்திற்குக் குடும்பத்துடன் சென்று வந்தார். திரும்பிய சில நாள்களில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கடையில் வாங்கிய மாத்திரையோடு மூன்று நாள் படுத்திருந்தார். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. இன்னும் ஒரு நாள் கூலியை இழக்க மனமின்றி வேலைக்குப் போனார். சரிவில் நின்றபடியே வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார். உடன் வேலை செய்தோர் வண்டியேற்றித் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டு போயினர். டிங்கி என்றார்கள். தாய் மருத்துவமனையில் இருக்க, கைக்குழந்தையான தங்கையைப் பார்த்துக்கொள்ள என் மாணவன் வீட்டில் நின்றுவிட்டான்.

அவர் பிழைத்து வந்த பிறகு நலம் விசாரிக்கச் சென்றேன். தம் உடல் பட்ட பாட்டைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. "நோவு போயிடுச்சு சார். பதினாலு நாளு போச்சே, அத யாரு தருவா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் அதே கேள்வி நம் தோட்டங்களில் நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இருந்திருக்கிறது என்பதை வரலாற்றில் படித்திருக்கிறேன். அன்று அது வேறொரு கொசு, வேறொரு காய்ச்சல். அன்று அதற்கு ஒரு விடை கிடைத்தது. இன்று ஏன் கிடைக்கவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துரையின் பேரேடு

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களை முதலில் அச்சுறுத்திய காய்ச்சல் மலேரியா. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட இடமெல்லாம் அது பரவியது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர், வந்த முதல் ஆண்டிலேயே கூட்டங்கூட்டமாய் மடிந்த தோட்டங்கள் உண்டு.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ரோஸ் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் இந்தியாவின் செகந்தராபாத்தில் கண்டார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அக்கண்டுபிடிப்பு நம் நாட்டில் செயலுக்கு வந்தது. 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களை வடியச் செய்தார். அதே ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறந்த சில மாதங்களில் மலேரியாவால் முடங்கிப் போகும் நிலைக்கு வந்தது. அங்கும் வடிகால் வெட்டிய பின்னரே நோய் தணிந்தது.

பிறகு வாட்சன் தோட்டங்களின் பக்கம் திரும்பினார். அங்கே அவர் கண்ட உண்மை வியப்பானது. கடலோரச் சதுப்பில் நோய் பரப்பும் அனோபிலிஸ் கொசு நிழலை விரும்புவது. காட்டை வெட்டி நீரை வடித்தால் அது குறைந்தது. மலையடிவாரத்தில் நோய் பரப்பும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் வகையோ, வெயில் படும் தெளிந்த நீரோடையில் பெருகுவது. எனவே அங்கே காட்டை வெட்டியதும் ஓடைகளில் வெயில் விழுந்து, நோய் கூடியது. கடலோரத்தில் பலித்த வைத்தியம் குன்றுப் பகுதியில் விஷமானது. இதனால் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழி செலுத்தும் முறையும், பின்னர் நீரின் மேல் எண்ணெய் தெளிக்கும் முறையும் பயன்பாட்டுக்கு வந்தன. வாட்சன் தம் அனுபவங்களை 1911இல் நூலாகவே வெளியிட்டார்.

இவையனைத்தும் பணம் பிடிக்கும் வேலைகள். தோட்ட முதலாளிகள் ஏன் அப்பணத்தைச் செலவிட்டனர்? இரக்கத்தால் செய்தவர் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் பெரும்பான்மையோரை நகர்த்தியது அவர்களின் கணக்குப் புத்தகம் என்றே நான் கருதுகிறேன்.

1907இல் தமிழர் குடியேற்ற நிதி என ஒன்று சட்டத்தின் வழி ஏற்படுத்தப்பட்டது. தமிழகத்திலிருந்து தொழிலாளரை அழைத்து வரும் கப்பல் செலவை அந்நிதி ஏற்றது. ஒவ்வொரு முதலாளியும் தம்மிடம் தொழிலாளர் வேலை செய்த நாள்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அந்நிதிக்குப் பணம் கட்டினார். இந்தியத் தொழிலாளரைச் சஞ்சி முறையில் எடுப்பது 1910இல் நின்றது. அதன் பிறகு தொழிலாளி முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போக முடிந்தது. "அந்தத் தோட்டத்துல காய்ச்ச அதிகம்" என்ற பேச்சு எழுந்தால் ஆள் சேராது. ஆள் இல்லையேல் பால் வெட்டு இல்லை.

அக்காலத் தோட்ட நாள் பெரட்டுக் களத்தில் தொடங்கும். விடியலில் ஆட்கள் வரிசையாக நிற்பர். கங்காணி எண்ணிக்கை சொல்வார், கிராணி செக்ரோலில் பெயருக்கு நேரே குறிப்பார். தம் ஆட்கள் எத்தனை நாள் வேலைக்கு இறங்கினர் என்பதைப் பொறுத்துக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே ஓர் ஆள் காய்ச்சலில் படுத்தால் அவருக்குக் கூலியில்லை, கங்காணிக்குத் தலைக்காசில்லை, துரைக்கு வேலை நடக்கவில்லை. மூவர் இழப்பும் ஒரே ஏட்டில், ஒரே கட்டத்தில் விழுந்தது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் காய்ச்சல் எவ்வளவு தின்றது என்பது துரையின் கண்ணுக்கு நேரே தெரியும். அந்தத் தொகையோடு ஒப்பிடுகையில் வடிகாலின் செலவு சிறியதாகத் தோன்றியது.

இதை நான் அக்காலத்தைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. மனித உயிரை வேலை நாளாக எண்ணிய காலம் அது. அவ்வேட்டில் இறந்தவரின் தாயின் கண்ணீருக்குக் கட்டம் இல்லை. ஆனாலும் இழப்பு ஓரிடத்தில் எழுதப்பட்டதால், அதைத் தடுக்கும் பொறுப்பும் ஓரிடத்தில் விழுந்தது என்பதை மறுக்க முடியாது.

அன்று தொடங்கிய பணி வீண் போகவில்லை. 1967இல் நாட்டில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2018 முதல், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றியதாகப் பதிவில்லை. குரங்கிலிருந்து வரும் நோலசி வகை மலேரியா மட்டும் தொடர்கிறது.

குளிர்மலை தந்த நம்பிக்கை

இனிக் கேமரன் மலைக்கு வருவோம். நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் இப்பகுதியைக் கண்டு குறித்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இதைக் குளிர்வாசத் தலமாக வளர்க்கலாம் எனக் கருதியதிலிருந்து பணிகள் வேகம் பெற்றன. 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1930களில் வேறு தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. மலைச்சரிவைச் செதுக்கித் தேயிலை நட்டவர்களில் நம்மவர் பெரும் பங்கினர்.

வெள்ளையர் மலையை நாடியது வெப்பத்திலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் தப்பத்தான். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரவில் போர்வை இல்லாமல் தூங்க முடியாது. "இங்க கொசு ஏது சார், குளிருல செத்துப் போயிடும்" என்று தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே நம்பியிருந்தேன். சுகாதாரப் பாடத்தில் டிங்கி வரும்போது, அதைக் கீழேயுள்ள பட்டணத்து நோயாக மாணவருக்கு விளக்கியிருக்கிறேன். அது என் பிழை.

அந்நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. டிங்கியின் முதன்மைக் கொசுவான ஏடிஸ் எஜிப்தி வெப்பத்தை விரும்புவது. கொசுவின் உடலுக்குள் கிருமி முதிர்ந்து, கடித்தால் தொற்றும் நிலையை அடைய வெப்பமான இடத்தில் 8 முதல் 12 நாள் ஆகும். குளிரில் அது இன்னும் நீளும். கொசு அதற்குள் இறந்துவிடவும் கூடும். மீதிப் பாதிதான் நாம் மறப்பது. ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற இன்னொரு கொசு உண்டு. உடலில் வெள்ளை வரிகள் கொண்டதால் ஆசியப் புலிக்கொசு என்பர். அது குளிரை ஓரளவு தாங்கும். வீட்டைச் சுற்றியுள்ள செடிகொடிகளில் வாழும். அதுவும் டிங்கியைப் பரப்பும். இங்குள்ள ரிங்லெட் போன்ற ஊர்கள் தானா ராத்தாவைவிடத் தாழ்ந்தவை. மேலும் மனிதர் மலையிலேயே அடைந்து கிடப்பதில்லை. தாப்பா வழியாகவும் சிம்பாங் பூலாய் வழியாகவும் திருமணம், திருவிழா, தீபாவளிக் கடைவீதி என்று இறங்கி ஏறுகிறோம். கிருமி நம்மோடு பேருந்தில் ஏறி வருகிறது.

உயரம் மட்டுமே காப்பாகாது என்பதற்கு நேப்பாளம் ஓர் எச்சரிக்கை. அந்நாட்டில் டிங்கி முதன்முதலில் பதிவானது 2004இல்தான். 2006இல் தாழ்ந்த சமவெளிப் பகுதியில் பரவியது. 2022இல் 54,784 பேரைத் தாக்கி 88 உயிர்களைப் பறித்தது. அவ்வாண்டு மிகவும் பாதிக்கப்பட்ட இடங்களில் காட்மாண்டுப் பள்ளத்தாக்கும் ஒன்று. அதன் உயரம் ஏறத்தாழ நம் தானா ராத்தாவின் உயரமே. அங்குக் கோடை நம் மலையைவிட வெப்பமானது என்பது உண்மைதான். ஆனாலும் பதினாறே ஆண்டுகளில் சமவெளியிலிருந்து அவ்வுயரத்துக்கு ஏறிய நோய், நமக்கு மட்டும் விலக்கு அளிக்கும் என்று எண்ணியிருக்க முடியுமா?

டிங்கி வந்த வழி

நம் நாட்டில் டிங்கி புதியதன்று. 1902இலேயே பினாங்கில் அது இருந்ததாக மருத்துவப் பதிவு உண்டு. அக்காலத்தில் அது உடம்பை முறித்துப் போட்டுவிட்டு விலகிப் போகும் காய்ச்சல். உயிரைக் குடிக்கும் இரத்தக்கசிவு வகை 1962இல் பினாங்கில் தலைகாட்டியது. 1970களின் முற்பகுதியில் நாடு தழுவிப் பரவியது. 1975இல் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கண்டால் அபராதம் விதிக்கும் அதிகாரம் அதிலிருந்துதான் வருகிறது.

இன்னொரு செய்தியும் நமக்குரியது. 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக்கழகத்தில் பணியாற்றிய அறிஞர்கள், மலாயாக் காடுகளில் மர உச்சியில் வாழும் கொசுக்களுக்கும் குரங்குகளுக்கும் இடையே டிங்கிக் கிருமி சுழன்று வருவதைக் கண்டறிந்தனர். 1950களில் கார்டன் சுமித் ஐயுற்றதை, பின்னர் ஆல்பர்ட் ருட்னிக் கள ஆய்வால் உறுதிப்படுத்தினார். ஆகவே காட்டோரம் வாழும் நாம் டிங்கியைப் பட்டணத்து நோய் என்று ஒதுக்குவதற்கு வரலாறும் இடம் தரவில்லை.

அண்மைய எண்ணிக்கையைப் பாருங்கள். 2015இல் நாடு முழுவதும் 120,836 பேருக்கு டிங்கி. 336 பேர் மாண்டனர். 2019இல் 130,101 பேர், 182 மரணம். நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த 2021இல் 26,365 எனக் குறைந்தது. 2023இல் மீண்டும் 123,133 ஆனது. 100 பேர் இறந்தனர். 2024இலும் ஏறத்தாழ அதே அளவு; 117 மரணம்.

நாட்டின் கணக்கும் வீட்டின் கணக்கும்

இந்நோயின் பொருளாதாரச் சுமையை அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வு, மலேசியாவில் டிங்கி நோயால் ஏற்படும் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம் அமெரிக்க டாலர் என மதிப்பிட்டது. கொசுவைக் கட்டுப்படுத்த மட்டும் 2010இல் நாடு செலவிட்டது 7 கோடியே 30 இலட்சம் டாலருக்கு மேல் என்கிறது மற்றோர் ஆய்வு. அதாவது, நோய்க்கு ஆகும் செலவைவிடப் புகையடிப்பதற்கும் மருந்து தெளிப்பதற்கும் வீடுவீடாய்ச் சோதிப்பதற்கும் அதிகம் செலவிட்டிருக்கிறோம்.

எனக்கு இவற்றைவிட நெருக்கமாகப் பட்டது வேறோர் எண். 2005ஆம் ஆண்டையொட்டி மலேசியா, தாய்லாந்து, கம்போடியா, பிரேசில் உள்ளிட்ட எட்டு நாடுகளில் ஒரே முறையில் ஓர் ஆய்வு நடந்தது. 1,695 நோயாளிகளைப் பேட்டி கண்டனர். மருத்துவமனையில் சேர்ந்தவர்களுள், மாணவர் சராசரியாக 5.6 பள்ளி நாள்களையும், வேலைக்குச் செல்வோர் 9.9 வேலை நாள்களையும் இழந்தனர் என்பது அதன் முடிவு. இவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. மரணம் இல்லாத டிங்கியின் விலையே இது.

பத்து வேலை நாள் என்றால் என்ன? 2025இல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதை 26 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. பத்து நாளுக்கு 650 வெள்ளி. ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவோ வீட்டு வாடகையோ அதில் அடங்கிவிடும்.

"மருத்துவ விடுப்பு இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பும், மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை விடுப்பும் உண்டு. நிரந்தர வேலையில் இருப்போர் இதைக் கேட்டுப் பெற வேண்டும். பலருக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது. ஆனால் பறித்த கொழுந்தின் எடைக்கேற்பக் கிடைக்கும் கூடுதல் வருமானம் படுக்கையில் கிடந்தால் வராது. குத்தகைக்காரரிடம் வேலை செய்வோரும், காய்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போவோரும் விடுப்பைப் பற்றி வாய் திறப்பதே அரிது. அரசு மருத்துவமனையில் வெளிநோயாளியாகச் செல்லும் குடிமகனுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து இன்று தேயிலைச் சரிவுகளில் உழைப்போருக்கு அக்கட்டணம் பல மடங்கு. நூறாண்டுகளுக்கு முன் நம் முன்னோர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கும் மனைவியின் கூலி, தங்கையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனின் படிப்பு ஆகியவை எந்தக் கணக்கில் வரும்? என் மாணவனின் எட்டு நாள் சுகாதார அமைச்சின் டிங்கிப் புள்ளிவிவரத்தில் இல்லை. அது என் குறிப்பேட்டில் மட்டுமே இருக்கிறது. அந்த எட்டு நாளில் வகுப்பில் பின்னக் கணக்கைத் தொடங்கி முடித்திருந்தோம். அவன் அதை எட்டிப் பிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

காய்ச்சல் இறங்கும் நாள்

கூலி இழப்பு வெறும் பணப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை. பெற்றோர் அனைவரும் அறிய வேண்டியது இது.

டிங்கியில் காய்ச்சல் பொதுவாக இரண்டு முதல் ஏழு நாள் வரை கடுமையாக அடிக்கும். பிறகு இறங்கும். மற்றக் காய்ச்சல்களில் அது நல்ல அறிகுறி. டிங்கியிலோ ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கக்கூடும். காய்ச்சல் தணிந்ததை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கு ஆபத்து நேரலாம். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிட்டுப் போதல், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமோல் மட்டும் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்றவை இரத்தக்கசிவை மோசமாக்கும். டிங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு முறை வந்தவருக்கு வேறொரு வகை மறுமுறை வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். "எனக்கு முன்னமே வந்து போச்சு" என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

இப்போது என் மாணவனின் தந்தையை நினைத்துப் பாருங்கள். அவர் வேலைக்குப் போனது காய்ச்சல் இறங்கிய நாளில். ஒரு நாள் கூலிக்காக, படுக்கையில் இருந்தே ஆக வேண்டிய நாளில் மலைச்சரிவில் நின்றார். அன்று பெரட்டுக்கு இழுத்துச் செல்ல ஒரு கங்காணி இருந்தார். இன்று கங்காணி இல்லை. அவர் வேலையை நாட்கூலியே செய்து முடிக்கிறது. ஆகவே டிங்கியின் பொருளாதாரச் சுமையையும் உயிர்ச் சுமையையும் என்னால் இரண்டாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

யார் ஏட்டில் எழுதுவது?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருகிறேன். மலேரியாவுக்குக் கிடைத்த விடை டிங்கிக்கு ஏன் கிடைக்கவில்லை?

கொசுவின் இயல்பு ஒரு காரணம். மலேரியாக் கொசு ஓடையிலும் சதுப்பிலும் பெருகியது. அந்நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு முதலாளி முடிவெடுத்தால் ஒரு மலைச்சரிவு முழுவதும் வடிகால் வெட்டலாம். ஏடிஸ் கொசுவோ லயத்துக்குப் பின்னால் மழைநீர் பிடிக்கும் தோம்பில், பழைய டயரில், பூச்சாடித் தட்டில், காய்கறித் தோட்டத்து நெகிழித் தாளின் மடிப்பில் முட்டையிடுகிறது. ஒவ்வொரு வீடும் ஒரு சதுப்பு நிலம். அதற்கு ஒரே சொந்தக்காரர் இல்லை.

இரண்டாவது காரணம் கணக்கு. அன்று காய்ச்சலின் இழப்பு துரையின் ஒரே பேரேட்டில் குவிந்தது. இன்று அது சிதறிக் கிடக்கிறது. மருத்துவமனைச் செலவு அரசின் ஏட்டில்; இழந்த கூலி தொழிலாளியின் மடியில்; இழந்த படிப்பு என் குறிப்பேட்டில். குத்தகைக்காரருக்கு ஓர் ஆள் வராவிட்டால் இன்னோர் ஆள். எந்த ஏட்டிலும் முழுத் தொகை இல்லாததால் எவருக்கும் அது பெரிதாகத் தெரிவதில்லை. 2019இல் சுகாதார அமைச்சு, ஓல்பாக்கியா என்னும் நுண்ணுயிர் ஏற்றிய கொசுக்களைச் சில வட்டாரங்களில் விட்டு நோயைக் குறைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அது நல்ல முயற்சி. ஆனால் அத்தகைய திட்டங்கள் நோய் அதிகம் பதிவாகும் நகர்ப்புற வட்டாரங்களையே முதலில் நாடும். எண்ணிக்கை குறைந்த மலைத்தோட்டம் வரிசையில் கடைசியில்தான் நிற்கும்.

ஆகவே நாமே எண்ணத் தொடங்குவோம் என்று முடிவு செய்தேன். என் வகுப்பில் இப்போது ஒரு சிறு ஏடு இருக்கிறது. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், எத்தனை வேலை நாள், எத்தனை பள்ளி நாள் போயிற்று என்று எழுதுகிறார்கள். பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும். மாதக் கடைசியில் கூட்டல் கணக்காக அதைச் செய்கிறோம். முதல் மாதத் தொகையைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு மாணவி, "இத்தன நாளா சார்?" என்று கேட்டாள். அந்தத் தொகையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். அடுத்த வாரமே லயத்துத் தோம்புகளுக்கு மூடி செய்யத் தகரம் கிடைத்தது.

ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். குளிரில் இன்னும் சில நாள் கூடும். எனவே வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வந்து தேங்கிய நீரைக் கொட்டினால் அச்சுழற்சி அறுபடும். உலர்ந்த முட்டை பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால் பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். சனிக்கிழமை காலை என் மாணவர்கள் இதைச் செய்கிறார்கள். பெரியவர்கள் செய்வதைவிட அவர்கள் கண் கூர்மையாகவே இருக்கிறது.

தோட்ட நிருவாகத்தினருக்கும் குத்தகைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காய்ச்சல் இறங்கிய மறுநாள் வேலைக்கு வரும் ஆளைத் திருப்பி அனுப்புங்கள். அந்த இரண்டு நாள் கூலியைக் குறைக்காதீர்கள். வாட்சன் காலத்துத் துரைமார் வடிகாலுக்குச் செலவிட்டதைவிட அது மிகச் சிறிய தொகை.

"அத யாரு தருவா?" என்று அந்தத் தந்தை கேட்ட பதினான்கு நாளை எவராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் அது எங்களது வகுப்பு ஏட்டின் முதல் வரியில் இருக்கிறது. அதற்கு அடுத்து, மாணவனின் எட்டு நாள்.

உங்கள் தோட்டத்திலும் இவ்வாறு ஓர் ஏடு தொடங்கினால் மகிழ்வேன்.